வெள்ளிமலைக்குக் கொண்டுபோன பதில்

காலை 6.40. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இருபது ரூபாய்க்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். சட்டைப் பையில் ஒரு கடிதம். எனக்கு வந்ததல்ல, செல்விக்கு வந்தது. போன மாதம் கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் எழுதத் தெரியாமல் நின்ற அந்த மலைப் பெண்ணுக்கு நான்தான் மனு எழுதி, பதிலுக்கு என் முகவரியைப் போட்டேன். மக்காச்சோளத்துக்கு அடிக்கும் களை மருந்து மனிதருக்கும் தவளைக்கும் ஹார்மோனைக் குலைப்பதாகச் சந்தேகம் இருக்கிறது, எங்கள் சுனைக்கு மேலே அதை அடிக்க விடாதீர்கள் என்பதுதான் மனு. இரண்டு முறை கரு கலைந்தவள். இப்போது ஐந்து மாதம்.

7.30. கச்சிராயபாளையம் தாண்டி மலைச்சாலை. மழை மூட்டம். பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஒரு கேனைக் குழந்தைபோல அணைத்திருந்தார்.

“இன்னாங்க அது?” என்றேன்.

“கள மருந்துங்க. வூட்ல மாசமா இருக்கா. குனியக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

“அக்கம்பக்கத்துக்காரங்க வந்து களை எடுக்க மாட்டாங்களா?”

“வருவாங்க. எங்க மலையில இன்னிக்கி நீ எங்காட்டுக்கு, நாளைக்கி நான் உங்காட்டுக்கு. அவளால திருப்பிப் போவ முடியாதே. எந்த மூஞ்சிய வச்சிக்கினு கூப்புடறது?”

“மருந்து கெடுதல்னு சொல்றாங்களே?”

“கெடுதல்னா கடையில விக்க வுடுவாங்களா?” என்று சிரித்தார்.

சட்டைப் பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

9.20. வெள்ளிமலைக்கு முந்தைய நிறுத்தத்தில் இருவருமே இறங்கினோம். செல்வி வீடு எது என்று அவரிடமே கேட்டேன். அவர் முகம் மாறியது. “எங்க வூடுதாங்க.” பெயர் சின்னையன். மனு கொடுத்தது தெரியும், எந்த மருந்து என்றுதான் தெரியாதாம். கடிதத்தில் இருந்த பெயரைக் காட்டினேன். கேனைத் திருப்பிப் பார்த்தார். அதே பெயர். அட கடவுளே, அவளைக் காப்பாற்றத்தான் மனுஷன் அதை வாங்கியிருக்கிறார்!

வாசலில் நின்று செல்வி சொன்னாள், “படிங்க.”

படித்தேன். ‘மருந்து ஆய்வில் உள்ளது. உறுதியான சான்று கிடைத்தபின் பரிசீலிக்கப்படும்.’

“சான்றுன்னா இன்னாங்க?” என்றாள்.

“பாதிப்பு நடந்ததுக்கு ஆதாரம்.”

“ரெண்டு போச்சே. இதுவும் போனாதான் சான்றுங்களா?”

சின்னையன் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். “கடையில திருப்பிக் குடுத்துட்டு வரேன்.”

“குடுத்து இன்னா ஆவப்போவுது?” என்றாள் செல்வி. “மேல்காட்டுக்காரரு நேத்தே இதே மருந்த அடிச்சிட்டாரு. ராத்திரி மழ. எல்லாம் சுனைக்குத்தான் வந்திருக்கும்.”

பாறை இடுக்கிலிருந்த சுனையைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர். குடத்தோடு இரண்டு பெண்கள் மொண்டுகொண்டிருந்தார்கள். ஊருக்கு வேறு தண்ணீர் கிடையாது. வேண்டாம் என்று எதை வைத்துச் சொல்வேன்? என்னிடமும்தான் சான்று இல்லை.

மதியம் 3.15க்குத் திரும்பும் பஸ். புறப்படும்போது செல்வி சொம்பில் சுனைத் தண்ணீர் நீட்டினாள். வாங்கக் கை கூசியது. கூசியதற்காக வெட்கமாகவும் இருந்தது. என் ஊரில் குழாய்த் தண்ணீர் லேசாக நாறினால் தெருவே திரண்டு ரகளை செய்வோம். இது நாறவுமில்லை, கலங்கவுமில்லை. இரண்டு வாய் குடித்தேன்.

தோள்பையிலிருந்த பாட்டிலை, இன்னும் திறக்காததை, அவள் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ஒரு லிட்டர். அவளுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.