அம்மாவுக்கு மாறிப்போன கை

நாளை தெரணியகலையில் முதியவர்களுக்குத் தடுப்பூசி. இன்று மட்டும் என் தொலைபேசிக்குப் பதினொரு செய்திகள் வந்துவிட்டன. ஏழு போடச் சொல்கின்றன. நான்கு, போட்டால் நெஞ்சடைக்கும் என்கின்றன. ஒரே ஆள் இரண்டு பக்கமும் அனுப்பியிருக்கிறார். எதை நம்புவது? உட்கார முடியவில்லை. இடது தோளைத் தடவியபடி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். அந்தத் தோளில் ஒரு பழைய தழும்பு.

எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அம்மை குத்த வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. குத்தினால் அம்மை வராது என்றார் டிஸ்பென்சரி ஐயா. குத்தினால்தான் வரும் என்றார் கங்காணி. பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்த அத்தை, மாரியாத்தா கோபிப்பாள் என்றாள். "குத்திட்டு வந்த புள்ளைய எங்கிட்ட விடாத. சொல்லிட்டேன்." அம்மா ரப்பர் பால் வெட்டப் போனால் தங்கையைப் பார்த்துக்கொள்வது அத்தைதான். அவள் கைவிட்டால் அம்மாவுக்கு வேலையில்லை, எங்களுக்குச் சோறில்லை.

அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் எங்கள் இருவரையும் தானே இழுத்துப்போய், இடது தோளில் குத்தவைத்துக் கூட்டிவந்தாள். அத்தையிடம், "புடிச்சு வச்சு குத்திட்டாங்க அண்ணி, நான் என்ன செய்ய?" என்று மூக்கைச் சிந்தினாள்.

அத்தையிடம் வைத்தியம் இருந்தது. முள் தைத்த இடத்தில் ரப்பர் பால் பூசி, காய்ந்ததும் உரித்தால் முள்ளும் சேர்ந்து வரும். மருந்து மட்டும் வராதா? "பூசு புள்ள. காலையில நான் வந்து உரிக்கிறேன்."

அம்மா சிரட்டையில் பால் கொண்டுவந்தாள். இடது தோள்களைச் சேலைத்தலைப்பால் மூடிவிட்டு, வலது தோள்களில் தடிப்பாகப் பூசினாள்.

"அம்மா, அந்தக் கை இல்ல…"

தொடையில் கிள்ளு விழுந்தது.

காலையில் அத்தை உரித்த ரப்பர் தோலை வெளிச்சத்தில் பிடித்தாள். "பாத்தியா, மருந்து எப்புடி மஞ்சளா வந்துருக்கு!" நான் வாயைத் திறந்தேன். அம்மா அதில் ரொட்டித்துண்டைத் திணித்தாள். தங்கை அத்தையின் இடுப்பில் ஏறிக்கொண்டாள். புண் ஆறும்வரை, வேகும் வெயிலிலும் எங்களுக்கு முழுக்கைச் சட்டைதான்.

அம்மாவுக்குக் கை மாறிப்போனது எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடம் போகிறவன் அல்லவா? ரப்பரை உரித்த அன்று சாயங்காலமே அவளை உட்காரவைத்து, "இது சோத்துக்கை, இது பீச்சாங்கை" என்று சொல்லிக்கொடுத்தேன். பிறகு பரீட்சையும் வைத்தேன்.

"சரிங்க வாத்தியாரே" என்று அம்மா நான் கேட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். நான்கு தடவை கேட்டேன். நான்கும் சரி. என் பாடம் நன்றாக ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.