இரண்டு கால், இரண்டு எண்ணெய்

மார்கழி வெயிலில் அப்பா வாசலில் கட்டிலைப் போட்டு, இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருப்பார். இடது காலில் எங்கள் நிலத்து மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய். வலது காலில் அண்ணி வாங்கிவந்த சூரியகாந்தி எண்ணெய். ஓட்டு எண்ணிக்கைக்குக் காத்திருக்கும் வேட்பாளரைப் போல முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். அண்ணியைப் பற்றி யோசித்தாலே எனக்கு முதலில் அந்தக் காட்சிதான் வருகிறது.

பெருமுக்கல் பக்கத்தில் எங்களுக்கு நிலம். அண்ணி செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். விழுப்புரத்தில் படித்தபோது அண்ணனோடு ஏற்பட்ட பழக்கம், இரண்டு வீட்டாரும் சம்மதிக்காமல் பதிவுத் திருமணத்தில் முடிந்தது. அண்ணி வீட்டில் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் அப்பா வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார். ஆனால் மருமகளிடம் நேராகப் பேசமாட்டார். அம்மா இல்லாத வீட்டில் நான்தான் தபால்காரி. அண்ணி எதிரிலேயே நின்றிருப்பார். “பாப்பா, மோட்டார் நிறுத்தியாச்சான்னு கேளு” என்பார் அப்பா. அண்ணி என்னைப் பார்த்துப் பதில் சொல்வார். திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர். எனக்குத்தான் கோபம் வரும், அவருக்கு வராது. “சில வினை மெதுவாத்தான் நடக்கும், பாப்பா” என்று சிரிப்பார்.

அந்தப் பனிக்காலத்தில் அப்பாவின் முழங்காலுக்குக் கீழே தோல் மீன் செதில் போல வெடித்துவிட்டது. சொறிந்து சொறிந்து ரத்தம் கசியும். சர்க்கரை இல்லை, வயதினால் வரும் வறட்சிதான், குளித்ததும் ஏதாவது பூசுங்கள் என்றார் டாக்டர். அப்பா மல்லாட்டை எண்ணெயை எடுத்துக்கொண்டார். பூசியதும் பளபளக்கும், மதியத்துக்குள் மறுபடி அரிக்கும். வேட்டியின் ஓரத்தில் இருந்த ரத்தப் பொட்டுகளைத் துவைக்கும்போது பார்த்த அண்ணி, அன்று அப்பாவுக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

“தோல்ங்கறது செங்கல் சுவர் மாதிரி, பாப்பா. நடுவுல கொழுப்புதான் பூச்சு. அந்தப் பூச்சுக்கு லினோலிக் அமிலம் வேணும். சூரியகாந்தியில அது நிறைய இருக்குது. மல்லாட்டையில ஓலிக் அமிலம்தான் ஜாஸ்தி. ஏற்கெனவே வெடிச்ச தோல்ல அது பூச்சை இன்னும் இளக்கிடும்.”

அப்பா என்னைப் பார்த்தார். “மல்லாட்டை துன்னு வளர்ந்த ஒடம்பு இது. கடையில வாங்கற எண்ணெய்தான் ஒத்துக்குமான்னு கேளு.”

“ஒரு காலுக்கு அது, ஒரு காலுக்கு இது. சோப்பு ரெண்டுக்கும் வேணாம். மாமாவே பாத்துட்டு சொல்லட்டும்” என்றார் அண்ணி.

புது விதை வந்தால் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் போட்டுப் பார்க்கிறவர் அப்பா. இதை எப்படி மறுப்பார்? செக்கில் ஆட்டிய, வாசனை எதுவும் சேர்க்காத சூரியகாந்தி எண்ணெய் திண்டிவனத்திலிருந்து வந்தது. குளித்த ஈரம் முழுதும் காய்வதற்கு முன்பே பூச வேண்டும் என்பது அண்ணியின் கட்டளை. அதையும் அப்பா என் வழியாகக் கேட்டுக்கொண்டார்.

பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது வலது காலில் செதில் உதிர்ந்து, புண் ஆறி, பழைய நிறம் வந்திருந்தது. இடது கால் அப்படியே இருந்தது. அப்பா இரண்டு காலையும் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, என்னைத் தாண்டி அண்ணியைப் பார்த்தார்.

“ஏம்மா, நம்ம எண்ணெய் இன்னா தப்பு பண்ணுச்சி?”

அண்ணி கையிலிருந்த சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்தார். “ஒரு தப்பும் இல்ல மாமா. வடை சுட அதுதான். பூசறதுக்கு மட்டும் இது. எங்கம்மாவுக்கும் கை இப்படித்தான் வெடிக்கும்.” கடைசி வாக்கியத்தை அவர் சொல்ல நினைத்திருக்கவில்லை என்று இப்போதும் தோன்றுகிறது.

இன்று விழுப்புரத்துக் கடைகளில் சின்னச் சின்னக் குப்பிகளில் லினோலிக் என்று எழுதி விற்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் அண்ணிக்குப் போன் செய்வேன். இருவரும் சிரிப்போம். ஆனால் அந்த எண்ணெய் செய்த பெரிய காரியம் கால்களில் நடந்ததல்ல.

வெள்ளையடித்ததற்கு அடுத்த ஞாயிறு அப்பா ஒரு பாட்டில் எண்ணெயோடு அண்ணனையும் அண்ணியையும் என்னையும் வண்டியில் ஏற்றிச் செஞ்சிப் பக்கம் கூட்டிப்போனார். வழியில் டீக்கடையில் போண்டா சாப்பிட்டோம். அண்ணி எதையும் தொடவில்லை. கதவைத் திறந்த அண்ணியின் அப்பா, மகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அப்பா வேட்டியைச் சற்றுத் தூக்கிக் காலைக் காட்டினார்.

“உங்க பொண்ணு ஆத்துன காலுங்க. சம்பந்தியம்மா கைக்கு இந்த எண்ணெய் கொண்டாந்தேன்.”

சம்பந்தி என்ற சொல்லை அவர் வாயில் அன்றுதான் முதலில் கேட்டேன். உள்ளேயிருந்து வந்த அண்ணியின் அம்மா, வெடித்த கைகளால் மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் தட்டு வைத்தார்கள். “பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடுவோங்க நாங்க. உங்களுக்குப் பழக்கம் இருக்காது” என்று தயங்கினார் அண்ணியின் அப்பா.

இரவு தொலைக்காட்சிச் செய்தி முடியாமல் சோற்றில் கை வைக்காத மனிதர் எங்கள் அப்பா. “எனக்கும் இப்பதாங்க பசிக்கும்” என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் தட்டில் விழுந்துகொண்டிருக்க, வாழைக்காய்ப் பொரியல் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.