கழுவிக் கொண்டுவந்த பேரிங்

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் கடையில் பேரிங்தான் வியாபாரம். கிரீஸ் டப்பா, ஆயில் சீல், பெல்ட் எல்லாம் அதற்குத் துணைக்கு வந்து உட்கார்ந்தவை. கணக்கு எழுதத்தான் என்னைச் சேர்த்தார்கள். கவுண்டரில் நின்றவர் சொந்தக் கடை போடுகிறேன் என்று தென்காசிக்குப் போய்விட, அந்த இடத்தில் முதலாளி என்னை நிற்கச் சொன்னார். வந்த புதிதில் வருகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "கடையில ஆம்பளையாளு யாரும் இல்லையா?" என்பார்கள். "பேரிங்குக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுண்ணே. நம்பரச் சொல்லுங்க" என்பேன். வாய்க்காரி என்று பேர் வாங்கினேன். வாங்காவிட்டால் அந்தக் கவுண்டரில் ஒரு வாரம் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யாரையும் பேர் சொல்லி அடையாளம் வைத்துக்கொள்வதில்லை, அவர்கள் வாங்கும் சரக்குதான் பேர். லாரி பட்டறைக்காரர் சக்கரத்துக்குக் கூம்பு மாதிரி இருக்கும் டேப்பர் பேரிங் வாங்குவார்; அவர் 'டேப்பர் அண்ணன்'. அந்த பேரிங் வண்டியின் எடையையும் தாங்கும், வளைவில் பக்கவாட்டில் தள்ளுகிற விசையையும் தாங்கும். நூல் மில் ஃபிட்டர் ஒருவர் 'ஊசி'. மெஷினில் இடம் இல்லாத இடுக்கில் பென்சில் முனை கனத்தில் உருளைகள் வைத்த ஊசி பேரிங்தான் போகும். ஆளும் அப்படித்தான், எவ்வளவு கூட்டத்திலும் நுழைந்து முன்னால் வந்து நிற்பார். போர்வெல் மோட்டார் பார்ப்பவர் 'திரஸ்ட்'. மேலேயிருந்து அழுத்துகிற பாரத்தை அடியில் உட்கார்ந்து சுமப்பது திரஸ்ட் பேரிங். மருத்துவமனைக்குக் கட்டுத்துணி நெய்கிற தறிக்காரர்கள், மிக்ஸி, ஃபேன், கிணற்று மோட்டார் என்று மற்ற எல்லாருக்கும் சாதாரண பால் பேரிங். அதிலேயே நூறு அளவு இருக்கிறது.

நான் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு வீட்டின் பின்பக்க போர்ஷன். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்தவள் நான். ஏன் என்று ஊரே கேட்டு ஓய்ந்துவிட்டது, இனி நானும் சொல்வதாக இல்லை. அப்பா அம்மா இல்லை. தம்பி திருப்பூரில் இருக்கிறான், பொங்கலுக்குப் பேசுவான். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் வந்து பூட்டைத் திறந்தால், காலையில் டம்ளரை எங்கே வைத்தேனோ அங்கேயே இருக்கும். பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை.

6305 அண்ணாச்சி கான்சாபுரத்துக்காரர். அது அவருடைய கிணற்று மோட்டாரின் பேரிங் நம்பர். பட்டாளத்தில் சமையல்கட்டில் இருந்துவிட்டு வந்தவர். மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் இரண்டு பேரும் போலீஸில், வெளியூரில். முதல் தடவை வந்தபோது பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, புது வெள்ளித் தட்டு மாதிரி பளபளவென்று காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். மற்றவர்கள் கறுப்புப் பசையோடு கவுண்டரில் டொக்கென்று போடுவார்கள், நான் வேஸ்ட் துணியால் துடைத்து நம்பரைத் தேடுவேன். எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்டேன்.

"எண்ணெய்ப் பிசுக்கோட ஒரு பொம்பளப்பிள்ள கையில எப்படித் தாயி குடுக்கது?" என்றார்.

பொறவு, புது பேரிங்கைப் பையில் போட்டுக்கொண்டு, "சாப்ட்டியா தாயி?" என்று கேட்டார். மணி மூன்றுக்கு மேல் ஆகியிருந்தது. சாப்பிட்டிருக்கவில்லை. ஆயிற்று என்று பொய் சொன்னேன். என்னை அப்படி ஒருவர் கேட்டு எம்புட்டு நாளாயிற்று என்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

ஒரு நல்ல பேரிங் வருஷக்கணக்கில் ஓட வேண்டும். அவருடையது ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் போய்விடும். மறுபடி அதே காகிதப் பொட்டலம், அதே பளபளப்பு. "வந்துட்டேன் தாயி" என்பார். "வாங்கண்ணாச்சி, உங்க மோட்டாருக்கு பேரிங் திங்கிற வியாதி" என்பேன். சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்காருவார். செத்த நேரம் பேசுவோம். தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்த கதை, பட்டாளத்தில் ஐந்நூறு பேருக்கு ரசம் வைத்த கதை. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டித்தான் அவர் ராஜபாளையம் வர வேண்டும், அங்கேயும் பேரிங் கடைகள் இருக்கின்றன. "அங்கன டூப்ளிகேட் குடுத்துருவான்" என்பார். யாரும் கேட்காமலே சொல்வார்.

ஆனால் அந்த மோட்டார் என்னை உறுத்தியது. சரக்கு குறை இல்லை, அதே பெட்டியிலிருந்து எடுத்தவை மற்ற இடத்தில் ஓடுகின்றன. மெக்கானிக் வெளிவளையத்தில் அடித்து ஏற்றுகிறாரோ என்று கேட்டேன். அப்படி அடித்தால் உள்ளே உருண்டை பதிந்து அன்றைக்கே பாதி உயிர் போய்விடும். இல்லையாம், பைப் துண்டை உள்வளையத்தில் வைத்துப் பதமாகத்தான் தட்டுகிறாராம். பின் என்ன? ஒரு பேரிங் ஏன் செத்தது என்பதை அதன் அழுக்குதான் சொல்லும். மண் போயிருந்தால் கிரீஸ் நறநறக்கும், சூடாகியிருந்தால் கருகியிருக்கும். இவர்தான் அம்புட்டு அழுக்கையும் எனக்காகக் கழுவிவிட்டு வருகிறாரே.

"அடுத்த தடவை கழுவாமக் கொண்டாங்க அண்ணாச்சி" என்றேன். அவருக்கு மனசே இல்லை. "அது மரியாதையா இருக்காது தாயி." நான் கொஞ்சம் கோபமாகவே சொன்ன பிறகுதான் தலையாட்டினார்.

அடுத்த தடவை, குற்றம் செய்தவர் போலப் பொட்டலத்தை நீட்டினார். பேரிங்கின் பக்கவாட்டை மூடியிருக்கும் தகர மூடியை நெம்பிப் பார்த்தேன். உள்ளே கிரீஸ் தேங்காய்ப்பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. தண்ணீர். பம்பிலிருந்து தண்ணீர் கசியாமல் இருக்கச் சுழலும் தண்டைச் சுற்றி அடைக்கிற கிளாண்ட் கயிறு தேய்ந்திருக்கிறது. தண்ணீர் தண்டோடு வழிந்து வந்து பேரிங்குக்குள் இறங்கியிருக்கிறது. தகர மூடி தூசியைத் தடுக்குமே தவிர தண்ணீரைத் தடுக்காது.

பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இதைச் சொன்னால் இவர் இனி வர வேண்டியதில்லை. உண்மையில் அந்த நிமிஷம் நான் அதைத்தான் நினைத்தேன், மோட்டாரை நினைக்கவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டாக்டர் முகத்தைப் பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தென்னை காய்ந்துகொண்டிருக்கிற மனுஷர். சொன்னேன். கிளாண்ட் கயிற்றை மாற்றச் சொன்னேன். வருகிற தண்ணீர் சிதறி வெளியே போகும்படி தண்டில் ஒரு ரப்பர் வாஷர் போடச் சொன்னேன். தகர மூடிக்குப் பதில் ரப்பர் சீல் வைத்த 6305 எடுத்துக் கொடுத்தேன்.

பேரிங்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இனிமே அடிக்கடி அலைய வேண்டியதில்ல" என்றார்.

"வேண்டியதில்ல அண்ணாச்சி."

சந்தோஷமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எழுந்தார், பையை மாட்டினார். "சாப்பிடு தாயி, நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

இரண்டு மாதம் போயிற்று. வரவில்லை. நாலு மாதம் போயிற்று. காகிதப் பொட்டலத்தோடு யார் படி ஏறினாலும் நிமிர்ந்து பார்ப்பேன். முதலாளி கூடக் கவனித்துவிட்டு, "நம்ம 6305 என்னம்மா, ஆளையே காணோம்?" என்றார். "மோட்டார் நல்லா ஓடுது போல" என்றேன். நல்ல வேலை செய்தால் ஆள் திரும்பி வராத தொழில் இது. அதில் பெருமைப்பட வேண்டும் என்பார்கள். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் யாரோடு பேசுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளவக்கல் அணை பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கான்சாபுரத்தில் இறங்கிக்கொண்டேன். டீக்கடையில் யாரைக் கேட்பது? அவர் பேர் எனக்குத் தெரியாது. 6305 என்றால் எங்கள் கடையில் தெரியும், அவர் ஊரில் யாருக்குத் தெரியும்? பட்டாளத்திலிருந்து வந்தவர் என்று சொல்லிப் பார்த்தேன். "எந்தப் பட்டாளத்தார்? தெருவுக்கு நாலு பேரு இருக்காக" என்றார் கடைக்காரர். சமையல்கட்டு என்று சொல்ல ஏனோ வாய் வரவில்லை. அவருக்கு அது குறைச்சலாகிவிடுமோ என்று தோன்றியது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வயல் பக்கம் நடந்தேன்.

மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் விடுகிற நேரம் அது. கண்ணுக்கெட்டிய தூரம் தென்னையும் நெல்லும், ஒவ்வொரு கிணற்றிலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கெட்டுப்போன பேரிங் ஒன்று இருந்தால் போதும், அரை மைலுக்குக் கத்தும், அதை வைத்து நடந்தே போய்விடுவேன். எல்லாம் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தன. எது அவருடையது என்று சொல்ல முடியவில்லை. ஒன்றாவது கத்தாதா என்று, திரும்புகிற பஸ் வரும்வரை வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.