ரோவீனா அறுத்த பச்சைக் கோதுமை

ரோவீனா நோஸ்கே பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ போய்விடுவாள். ஆஸ்திரேலியாவின் மல்லீ சமவெளியில் அவளுக்குக் கனவுக்காரி என்றே பெயர். வயது ஐம்பத்தேழு. கல்யாணமாகி மெல்பர்னில் மூன்று வருடம் இருந்து பார்த்தாள். விதைப்புக் காலத்தில் ஒரு பெட்டியோடு தனியாகத் திரும்பி வந்துவிட்டாள். அன்றிலிருந்து தம்பி கிளெம்மோடு சேர்ந்து அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறாள். இயந்திரங்கள் அவன் பொறுப்பு. பயிரோடு நடப்பது இவள் பொறுப்பு.

அந்த வருடம் குளிர்காலம் குளிரவே இல்லை. ஜூலையில்கூட சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். கோதுமை ஏமாந்துபோய், வழக்கத்துக்கு மூன்று வாரம் முன்பே பூத்துவிட்டது.

"பாத்தியாக்கா, இந்தத் தடவை சீக்கிரமா அறுத்துட்டுக் கடற்கரைக்குப் போறோம்" என்றான் கிளெம்.

செப்டம்பரில் ஒரு விடியலில் உறைபனி இறங்கியது. ரோவீனா கதவைத் திறந்தபோது பள்ளத்து வயல் முழுக்க வெள்ளை. கதிர் ஒன்றைத் தொட்டாள், கண்ணாடிபோல் சிணுங்கியது. சூரியன் ஏறியதும் வயல் முழுக்கச் சொட்டுச் சொட்டாக உருகி, ஒரு மணி நேரத்தில் பழையபடி பச்சையாக நின்றது. எதுவுமே நடக்காத மாதிரி.

உறைபனி செய்த வேலை உடனே தெரியாது. ஆறு நாள் அவள் அந்தப் பச்சைக்குள் நடந்தாள். இடுப்புவரை அலையடித்தது கோதுமை. ரோஜா நிறக் கிளிகள் கூட்டமாகத் தலைக்கு மேலே திரும்பிப் போயின. பயிர் தூங்குகிறதா, அதன் தூக்கத்துக்குள் தான் நடக்கிறோமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஏழாம் நாள் கதிர்களைப் பிளந்து பார்த்தாள். மணி இருக்க வேண்டிய இடத்தில் சுருங்கிய வெள்ளைத் தோல். இருபது கதிர், முப்பது கதிர், எல்லாம் அப்படியே. பனி எட்டாத மணல் மேட்டில் மட்டும் மணி திரளத் தொடங்கியிருந்தது.

"கிளெம், பள்ளத்துல மணியே இல்லடா. பச்சையிலயே அறுத்து, காயவெச்சு, தீவனமாக் கட்டிடலாம்."

தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அவன் சிரித்தான். "வெளிய பாரு, எப்படிக் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குதுன்னு. கனவு கண்டியா?"

"நீயும் வந்து பிச்சுப் பாரேன்."

"அப்பா ஒருநாளும் பச்சைப் பயிர்ல கைய வெச்சதில்லக்கா."

"அப்பா காலத்துல இது இப்படி அவசரப்பட்டுப் பூத்துப் பனியில மாட்டலையேடா."

மறுநாள் காலையில் அறுப்பு வண்டியில் அவளே ஏறிக்கொண்டாள். கிளெம் வேலியோரம் கைகட்டி நின்றான். பச்சைக் கோதுமை வரிசை வரிசையாகப் படுத்தது. வெட்டிய தண்டின் இனிப்பு வாசனை வண்டிவரை ஏறி வந்தது. அவள் வாய்விட்டு அழுதாள், வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது சுற்றில் கிளெம் வயலுக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். நகத்தால் ஒரு கதிரைப் பிளந்தான். இன்னொன்றை. அப்புறம் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

கடைசியில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையாட்டினான்.

"இறங்குக்கா. மூலை திரும்பத் தெரியாது உனக்கு."

அக்டோபரில் வடக்கிலிருந்து அனல் காற்று மூன்று நாள் வீசியது. மேட்டுக் கோதுமையும் வற்றிப்போய், அறுவடையில் பாதிதான் தேறியது. அதுவும் ஊசி ஊசியான மணி. ஆனால் தெற்கே புல் காய்ந்துபோன பால்பண்ணைக்காரர்கள் லாரி கொண்டுவந்து தீவனக் கட்டுகளை ஒன்று விடாமல் ஏற்றிப் போனார்கள். அதில் அந்த வருடம் தாண்டியது.

அடுத்த பருவத்தில் மெதுவாகப் பூக்கும் ரகத்தை மேட்டில் விதைத்தார்கள். பள்ளத்தைப் புல்லுக்கு விட்டு, நாற்பது செம்மறி ஆடுகள் வாங்கினார்கள். ஆடு என்றாலே மூக்கைப் பொத்துகிற கிளெம், ஒரே மாதத்தில் அவற்றுக்குப் பெயர் வைக்கத் தொடங்கியிருந்தான். ரோவீனாவுக்கு அந்தப் பெயர்கள் பிடிக்கவில்லை; ஆனாலும் சாயங்காலம் அவற்றைச் சொல்லித்தான் ஆடுகளைக் கூப்பிட்டாள்.