பட்டு இழையும் இருபத்தைந்தடிச் சுவரும்

நான் பாதியிலேயே 'போதும்மா, இறக்கி விடு' என்று கெஞ்சி இறங்கி வந்த சுவரில், போன ஞாயிற்றுக்கிழமை தேவகி உச்சிவரை ஏறினார்.

தேவகிக்கு நாற்பத்திரண்டு வயது. பட்டு நெசவு செய்கிறவர். நானும் அவரும் ஒரே வாரத்தில்தான் சேர்ந்தோம். அதனால் வயிற்றெரிச்சல் கொஞ்சம் இருக்கிறது. மறைப்பானேன்?

சுவர் ஏறுவதற்கு ஒரு கிளாஸா, அதுவும் எங்கள் ஆரணியிலா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ரைஸ்மில்காரர் மகள் பவித்ரா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தபோது இதைக் கற்றுக்கொண்டாராம். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் ஊருக்கு வந்து, சும்மா கிடந்த நெல் குடோனில் பலகைச் சுவர் எழுப்பிவிட்டார். சுவர் முழுக்கக் கலர் கலராகப் பிளாஸ்டிக் பிடிகள். கீழே தடித்த மெத்தை. இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு. கயிற்றின் மறுமுனை பவித்ரா கையில். உச்சியில் ஒரு வெண்கல மணி. ஏறி முடித்தவர் அடிக்கலாம்.

நான் போனது சர்க்கரையால். டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். எங்கள் ஊரில் காலையில் நடந்தால் நாலு பேர் டீ வாங்கித் தருவார்கள், இரண்டு பேர் பஜ்ஜியும் சேர்த்து. சர்க்கரை ஏறியதுதான் மிச்சம்.

தேவகி போனது மகளைக் கொண்டுவிட. நாலு நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாம் நாள் எழுந்து வந்து, "ஏம்மா, நானும் ஒரு தபா ஏறிப் பாக்கட்டுமா? நாள் பூரா தறியில குனிஞ்சிகினே இருந்து முதுகு பேஜாராப் பூடுச்சி" என்றார்.

"ஏறுங்கக்கா" என்றார் பவித்ரா.

ஏறினார். இரண்டாவது பிடியிலேயே வழுக்கி மெத்தையில் விழுந்தார். மறுபடியும் அதே. அடுத்து நான் 'தள்ளுங்க, நான் காட்டறேன்' என்கிற தோரணையில் போய், அதே பிடியில் கை வைத்து, அதே மெத்தையில் விழுந்தேன். என்ன மாயம் இது? பவித்ரா பிடியைத் தடவி விரலை மோந்து பார்த்தார்.

தேங்காய் எண்ணெய்!

தறியை விட்டு எழுந்ததும் கையில் எண்ணெய் தேய்த்துக்கொள்வது தேவகியின் பல வருட வழக்கம். விரல் நுனி சொரசொரப்பானால் பட்டு இழை மாட்டும். மாட்டினால் பிசிறு எழும்பும். ஒரு பிசிறு போதும், கல்யாணப் புடவை கடைக்குப் போகாது. எண்ணெய்க் கையோடு சுவர் ஏற வந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் இவராகத்தான் இருக்கும்.

சிரித்தோம். ஆனால் சிக்கல் அதற்குள்ளேயே இருந்தது. சுவர் ஏறுகிறவர்களுக்குக் கை காய்ந்திருக்க வேண்டும். வழுக்காமல் இருக்க வெள்ளைப் பவுடர் பூசிக்கொள்வார்கள். பத்து நாளில் விரல் நுனி தோல் உரியும், அப்புறம் காய்க்கும். எனக்கு முதல் காய்ப்பு வந்த அன்று மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். தேவகிக்கு வந்த அன்று தறியில் ரோஸ் கலர் முகூர்த்தப் புடவை. இழை மாட்டிவிட்டது.

அவர் கணவர் குமாரும் நெசவாளிதான். சத்தம் போடுகிற மனிதர் இல்லை. "இன்னொரு தபா மாட்டுச்சின்னா செவுத்த மறந்துடு தேவகி" என்று மட்டும் சொன்னாராம். நியாயம்தானே? குடும்பமே அந்த விரல்களில்தான் ஓடுகிறது.

மூன்று நாள் தேவகி வரவில்லை. சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். நாலாம் நாள் வந்து நின்றார். ஏறவில்லை. நான் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல பல்லைக் கடித்துக்கொண்டு, கைகளால் என்னை நானே மேலே இழுத்து, எட்டு அடியில் மூச்சு வாங்கி இறங்கினேன்.

"சார், கோச்சிக்காதீங்க... நீங்க ஒடம்ப கையால இஸ்துகினு போறீங்க. தறியில கையால இஸ்தா வேல ஆவுமா? கால் மிதிச்சாதான் பாவு நூலு ரெண்டாப் பிரியும், நடுவுல நாடாக் கட்ட ஓடும். கை சும்மா கூட வரும், அவ்ளோதான்."

பவித்ரா சிரித்துவிட்டார். ஒரு மாதமாக அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான். 'காலால தள்ளுங்க அங்கிள், கைய நீட்டித் தொங்க விடுங்க அங்கிள்' என்று. நான்தான் அந்த அங்கிளிலேயே நின்றுவிட்டேன், அறிவுரைக்குப் போகவில்லை.

அன்றிலிருந்து தேவகி ஏறிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழித்தறியில் இருபது வருடம் மிதித்த கால்கள். கட்டைவிரல் நுனியைப் பிடியில் வைப்பார், சத்தமே வராது. இடுப்பைச் சுவரோடு ஒட்டி, காலால் தள்ளி எழுவார். விரல்கள் பிடியை நசுக்காது, சும்மா கொக்கி போட்டு நிற்கும். பவுடர் கிடையாது. ஈரத்தைத் துணியில் துடைப்பதோடு சரி. தோலைக் கிழிக்கிற கூர்மையான பிடி வந்தால் தொடமாட்டார், இறங்கி வேறு வழி தேடுவார். வாரத்துக்கு இரண்டடி முன்னேறினார். எண்ணெய் மட்டும் நிற்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவிய பிறகு தேய்த்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை குமாரும் வந்திருந்தார். வாசல் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தேவகி இருபதடி ஏறிவிட்டார். மணிக்குக் கீழே ஒரு சின்னப் பிடி, விளிம்பு கத்தி மாதிரி. அதை இறுக்கிப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் மணி. ஆனால் விரல்? தேவகி அதைப் பார்த்தார். கீழே குமாரையும் பார்த்தார். நானாக இருந்தால் பிடித்திருப்பேன்.

தேவகி அந்தப் பிடியைத் தொடாமல், வலது காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு அந்த ஒரு காலை மிதித்து எழுந்தார். மணி அடித்தது. நான் கைதட்டிய தட்டலில் என் காய்ப்பு வலித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கீழே வந்ததும் குமார் பாராட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டு இழையை எடுத்தார். தேவகி கையை நீட்டினார். குமார் ஒவ்வொரு விரல் நுனியிலும் அந்த இழையை மெதுவாக இழுத்தார். பத்து விரல். எதிலும் மாட்டவில்லை. இழையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்:

"நாளிக்கி எத்தினி மணிக்கி கிளாஸு?"

தேவகி அப்போதுதான் சிரித்தார்.

பலம் இருக்கிறவன் இழுத்துப் பார்க்கிறான். கையில் காப்பாற்ற வேண்டியது ஒன்று இருக்கிறவர் யோசித்து ஏறுகிறார். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு இது ஒரு சுவரில் தெரியவேண்டியிருக்கிறது.

ஆசை யாரை விட்டது? நானும் குமாரிடம் கையை நீட்டினேன். முதல் விரலிலேயே இழை மாட்டி அறுந்தது.

"தறி பக்கம் மட்டும் வந்துடாதீங்க சார்" என்றார்.

இப்போது எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டில் என் மேஜையில்தான் இருக்கிறது... தேய்ப்பது சுவருக்கு அப்புறம்தான்!