ரங்கராஜன் நீட்டிய சாவி

அன்று ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் டாக்டர், நர்ஸ் மேரியம்மா, கம்பவுண்டராகிய நான். இல்லாதவர் இன்னொரு கம்பவுண்டர் ரங்கராஜன். விஷ மருந்து அலமாரியின் ஒரே சாவி அவர் இடுப்பில், ஸ்ரீரங்கத்தில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்குள் இருந்தது.

நாங்கள் இருவரும் ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கம்பவுண்டர் பரீட்சையில் எனக்கு நான்கு மார்க் கூட. ஆனால் அவர் இங்கிலீஷ் லேபிளைப் பார்த்த மாத்திரத்தில் படிப்பார். நான் எழுத்துக் கூட்டுவேன். எங்கள் வீட்டில் எனக்கு முன் பள்ளிக்கூடம் போனவர் யாருமில்லை. டாக்டர் அவரை "ரங்கா" என்பார், என்னை "ஏம்ப்பா" என்பார். சாவியையும் அவரிடமே கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது.

முந்தின நாள் சாயங்காலம் கிளம்பும்போது ரங்கராஜன் சாவியை என்னிடம் நீட்டினார்.

"மாரிமுத்து, இத நீ வெச்சுக்கோ. பரமபதவாசல் கூட்டத்துல தொலைஞ்சுடப் போறது."

"டாக்டர் உங்ககிட்ட நம்பிக் கொடுத்தது. எனக்கு எதுக்குங்க?" என்று குப்பிகளைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன். அவர் சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

காலை எட்டு மணிக்குப் பெரிய கடைவீதி ஜவுளிக்கடை ராவுத்தரை வண்டியில் கொண்டுவந்தார்கள். அவர் மகன் அழுதான்.

"அத்தாவுக்கு ராத்திரி தூக்கமே வராதுங்க. தூக்க மாத்திரை போட்டதை மறந்துட்டு மறுபடி போட்டிருக்காரு. எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்கிறாரு."

மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு ஆறு. டாக்டர் பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டார், இமை அசையவில்லை.

"பிக்ரோடாக்ஸின் எடுப்பா." தூக்க மாத்திரை மயக்கத்தை முறிக்கும் ஊசி மருந்து அது.

"பூட்டியிருக்கு சார். சாவிய ரங்கராஜன் எடுத்துட்டுப் போயிட்டாரு."

நான் சொன்னது பொய் இல்லை, பாதிதான் சொன்னேன்.

"ஸ்ரீரங்கம் போய் வர வரைக்கும் இவர் தாங்குவாரா? உடைப்பா கண்ணாடியை!"

மருந்து அரைக்கும் கல்வத்துக் குழவியால் ஓங்கி அடித்தேன். ரங்கராஜனின் அலமாரி என்ற நினைப்பில் வேண்டியதைவிடப் பலமாக அடித்துவிட்டேன். கண்ணாடியோடு உள்ளே இருந்த மருந்துப் பெட்டியும் தரையில் விழுந்தது. அதிலிருந்த பன்னிரண்டு ஆம்பூல் குப்பிகளில் ஏழு உடைந்தன. மேரியம்மா குனிந்து மீதியைப் பொறுக்கினார். "அஞ்சுதான் டாக்டர்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

ஓர் ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மேலே மேலே போட்டால் வலிப்பு வந்துவிடும். உதடோ இமையோ துடித்தால் மருந்து பிடித்துவிட்டது என்று அதோடு நிறுத்த வேண்டும். இரண்டாவது போடும்போது டாக்டர் சொன்னார்: "காக்காக்கொல்லி விதை தெரியுமா? அதுலேர்ந்து எடுக்கறதுதான் இது."

எனக்குத் தெரியும். லால்குடி வாய்க்காலில் என் அப்பா அந்த விதையை இடித்துப் போட்டு மீனை மயக்கிப் பிடிப்பார். மீனை மயக்குவது மனுஷனை எழுப்புகிறது. ரங்கராஜனுக்கு இது தெரிந்திருக்காது என்று அந்த நேரத்திலும் ஓர் அற்ப சந்தோஷம்.

மூன்று. நான்கு. இமை அப்படியே இருந்தது. ஐந்தாவதையும் போட்டாயிற்று. இதற்குமேல் தர என்னிடம் மருந்து இல்லை, தரையில்தான் இருந்தது. சற்று நேரத்தில் ராவுத்தரின் மேலுதடு துடித்தது. பிறகு இமை. மாலை நாலு மணிக்கு "தண்ணி" என்றார். அவர் மகன் டாக்டர் காலில் விழப் போனான்.

மறுநாள் ரங்கராஜன் பிரசாதத்தோடு வந்தார். டாக்டர் உடைந்த அலமாரியைக் காட்டினார்.

"சாவிய யார்கிட்டயும் கொடுக்காம போனியா ரங்கா?"

ரங்கராஜன் என்னை ஒரு தடவை பார்த்தார். "தப்புதான் சார். எங்கிட்டயே இருந்துது."

"அப்ப நஷ்டம் உன் சம்பளத்துல."

"சரி சார்."

நான் பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் இங்கிலீஷிலும் அவர் மேல், சாவியிலும் அவர் மேல், இப்போது குணத்திலும் அவர்தான் மேலா? அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"கொடுத்தாரு சார். நான்தான் வாங்கல" என்றேன்.

டாக்டர் ஒரு காகிதத்தில் நஷ்டத்தைக் கூட்டிப் பார்த்தார். பிறகு, "ரெண்டு பேரும் பாதிப் பாதி. இவன் வாங்கலைன்னா நீ எங்கிட்ட வந்து கொடுத்திருக்கணும் ரங்கா" என்றார்.

கம்பவுண்டராகப் புதிதாகச் சேரும் தம்பிகளே, டூட்டியில் இருப்பவன் கையில்தான் சாவி இருக்க வேண்டும். யார் நீட்டினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்காத அந்தச் சாவிக்கு ஏழு ஆம்பூல், கண்ணாடி, ஆசாரி கூலி எல்லாம் சேர்த்துப் பதினெட்டு ரூபாய் ஆயிற்று. ஆளுக்கு ஒன்பது.