பதினோரு பேர் செய்த ஒரே தவறு

நீங்கள் சரியாக எழுதிய விடையை உங்கள் கையாலேயே அடித்துவிட்டு, தப்பான விடையை மேலே எழுதி, அதை மனப்பாடமும் செய்ததுண்டா? ஜமீலா செய்தாள். இரண்டு வருஷம் விடாமல் செய்தாள்.

சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலை ஓடும் மாதங்களில் அவளுக்குப் பழம் பிரிக்கும் வேலை. மற்ற மாதங்களில் வீட்டில் தையல். வயது முப்பத்தொன்று. பள்ளிப் படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் உருதில் முடித்தவள். உருது வழிப் பள்ளிகளுக்கு ஆசிரியர் எடுக்கும் தேர்வை இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் ஆங்கிலப் பகுதி கீழே இழுத்தது. இரண்டாம் முறை நான்கு மதிப்பெண்ணில் வேலை கைவிட்டுப் போயிற்று. மூன்றாவது தேர்வுக்கு விண்ணப்பிக்க ஒரு புதன்கிழமை கடைசி நாள். விண்ணப்பிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். தனக்கு ஆங்கிலம் வராது, இனித் தையல்தான்.

அந்த முடிவை அவளுக்கு ஊட்டியது திருப்பதியில் ஒரு பயிற்சி மையத்தின் சுவர். ஞாயிறுதோறும் அங்கே மாதிரித் தேர்வு நடக்கும். மாலையில் மதிப்பெண் பட்டியல் ஒட்டப்படும். ஐம்பத்து நான்கு பெயர்கள். கடைசிப் பதினோரு பெயர்களும் எப்போதும் உருது வழியில் படித்தவர்களுடையவை. மையத்தை நடத்தும் சந்திரசேகர் அவர்களுக்கு வகுப்பெடுப்பதில்லை. பின்பெஞ்சில் உட்காரவைத்து, தானே அச்சிட்ட பச்சை அட்டைக் கைடு ஒன்றைக் கொடுத்திருந்தார். "எனக்கு உருது வராதும்மா. கைடு இருக்குதே, அத படிங்க" என்பார். அதில் விளக்கம்தான் உருதில். கேள்வியும் விடையும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. ஞாயிற்றுத் தேர்வின் கேள்விகளும் அவற்றிலிருந்துதான் வரும், வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றே. ஒரு பக்கத்தைக்கூட அவர் புரட்டிப் பார்த்ததில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பரிகாரங்களுக்குக் குறைவில்லை. சந்திரசேகர் பேனாக்களைச் சாமி பாதத்தில் வைத்து எடுத்துவந்து கொடுத்தார். ஜமீலாவின் மாமியார் தர்காவில் ஓதி ஊதிய தண்ணீரைப் புட்டியில் கொண்டுவந்தார். பேனாவைச் சந்தேகித்தார்கள், பெண்ணின் தலையைச் சந்தேகித்தார்கள், அவளுடைய தாய்மொழியைச் சந்தேகித்தார்கள். புத்தகத்தைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அச்சில் வந்தால் வேதம் என்று நம்பும் சமூகம் இது.

கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பு, ஞாயிறன்று, கொடுத்து வைத்திருந்த சான்றிதழ் நகல்களைத் திரும்ப வாங்க ஜமீலா திருப்பதி போனாள். சித்தூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் நளினி. கங்காதர நெல்லூர்க்காரி, தெலுங்கு வழியில் படித்தவள், அதே மையத்தின் மாணவி.

"இன்னாக்கா, புக்கு இல்லாம வர?"

"இனிமே எதுக்கு? நா நின்னுக்கறேன்."

"அட, பையில நோட்டு இருக்குதே, குடு பாக்கலாம். எதுல தப்பு விடறன்னு பாக்கறேன்."

நோட்டைப் பிரித்த நளினி சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். 'ஏன்ஷியன்ட்' என்றால் பழைமையானது என்று ஜமீலா முதலில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். கைடின் விடைப்பட்டியல் 'புதியது' என்றதால் அதை அடித்திருந்தாள். ஓரத்தில் உருதில் ஒரு குறிப்பு: இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் போலிருக்கிறது. இப்படிப் பக்கம் பக்கமாக, இல்லாத விதிகளை அவளே யோசித்து யோசித்து எழுதிவைத்திருந்தாள். அழுகிய சரக்கைக் கொடுத்து அறிவை உழைக்கச் சொன்னால், பாவம், அது வேறு என்ன செய்யும்?

"மத்த பத்து பேரும் இதே கேள்விலதான் தப்பு விடறாங்களா?"

"ஆமா. எல்லாரும் இதேதான்."

"பாத்து காப்பி அடிச்சாகூட பதினோரு பேரும் ஒரே மாதிரி தப்பு பண்ண முடியாதுக்கா. எங்கயோ இடிக்குது."

மையத்தில் நளினியின் தெலுங்குக் கைடையும் பின்பெஞ்சில் கிடந்த ஓர் உருதுக் கைடையும் அருகருகே விரித்தார்கள். கேள்விகள் ஒன்றுதான். தெலுங்குக் கைடில் நான்கு விடைகளுக்கும் எண்கள் இடமிருந்து வலமாகப் போயின. உருதுக் கைடில், உருது எழுத்தின் போக்கிலேயே, எண்கள் வலமிருந்து இடமாகப் போயின. சொற்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. தெலுங்கில் முதல் விடை, உருதில் நான்காவது ஆகிவிட்டது. ஆனால் கடைசிப் பக்கத்து விடைப்பட்டியலைத் தெலுங்கிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். விடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த கேள்விகள் தப்பின. ஒரே வரியில் இருந்தவை அத்தனையும் பாழ்.

ஜமீலா புத்தகத்தைச் சந்திரசேகரின் மேஜையில் வைத்தாள். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்மா. புக்கு டைப் பண்ற டிடிபிக்காரரு போன வருஷமே சொன்னாரு. எண்ணூறு காப்பி பிரிண்ட் அடிச்சாச்சே, இன்னா பண்றது?"

"தெரிஞ்சுமா சார் எங்க பேர கடைசில ஒட்டனீங்க?"

"கோவிச்சுக்காத. உனுக்கு மட்டும் சரியான ஆன்ஸர் கீ குடுத்துர்றேன். மத்தவங்களுக்கு இப்ப சொன்னா கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்க." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். "இந்தா, சாமிகிட்ட வெச்சது."

எண்ணூறு பேரின் தலையில் பொய்யை ஏற்றிவிட்டு, பரிகாரமாக ஒரு பால்பாயின்ட் பேனா.

ஜமீலா பேனாவைத் தொடவில்லை. பின்பெஞ்சுக்குப் போனாள். அவளைத் தவிர அன்று வந்திருந்தவர்கள் ஆறு பேர். தெலுங்குக் கைடைப் பார்த்து நளினி விடைச்சொல்லைச் சொல்ல, ஜமீலா ஒவ்வொரு கேள்வியாக உரக்கப் படித்தாள். "வெளிய போய் பண்ணுங்கம்மா" என்று சந்திரசேகர் கத்தினார்.

"நீ படிக்கா, நா கதவாண்ட நிக்கறேன்" என்றாள் நளினி.

போன ஞாயிற்றுத் தேர்வின் கேள்விகளுக்கு, நோட்டில் அவள் முதலில் எழுதி அடித்திருந்த விடைகளை வைத்து மறுபடி எண்ணினார்கள். ஐம்பதில் பத்தொன்பது வாங்கியிருந்த ஜமீலாவுக்கு நாற்பத்து மூன்று. "இங்கிலீஷ் எனக்கு வருது" என்று உருதில் மெதுவாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை விண்ணப்பித்தாள்.

வராத நால்வரில் இருவரைத்தான் தொலைபேசியில் பிடிக்க முடிந்தது. மற்ற இருவரும் நம்பிக்கையிழந்து எண்ணையே மாற்றிவிட்டிருந்தார்கள். புதன்கிழமை முடிந்துவிட்டது. அந்த இரண்டு பெண்களும் எங்கோ ஒரு வீட்டில், தங்களுக்கு அறிவு குறைவு என்று இன்றும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

பச்சை அட்டைக் கைடு இன்னும் விற்பனையில் இருக்கிறது. உங்கள் தெருவில், உங்கள் ஆலையில், பஸ்ஸில் உங்கள் பக்கத்து இருக்கையில், "இங்கிலீஷ் எனக்கு வராது" என்று யாராவது சொன்னால் ஆறுதல் சொல்லிவிட்டு நகராதீர்கள். அவர் எந்தப் புத்தகத்திலிருந்து படித்தார் என்று கேளுங்கள். அதை வாங்கி, விடைப்பட்டியலோடு பத்துக் கேள்விகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.